வெள்ளம், முகாம், மருத்துவ ஆய்வு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

களனி கங்கை பெருக்கெடுத்தால் வெல்லம்பிட்டி, கொலன்னாவை, கடுவெல, மட்டக்குளி பக்கத்துப் பாடசாலைகளும் விகாரைகளும் பள்ளிவாசல்களும் ஒரே இரவில் முகாமாகிவிடும். அங்கே உதவிக்குப் போகும் மருத்துவ மாணவர்கள், தாதியர், தொண்டர்கள், கேள்விக்கொத்தோடு போகும் ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்குத்தான் இது. உலகின் வேறு முகாம்களில் நடந்த ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, அதில் எது கொழும்புக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதே பேச்சு. மருந்தளவுகளை விளங்கிக்கொள்வதற்காகத் தந்திருக்கிறோம். கொடுப்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் ஆய்வு எதற்கு?

1971இல் பங்களாதேஷ் போரிலிருந்து தப்பி வந்த மக்கள் இந்திய எல்லையிலுள்ள பங்கான் முகாமில் வாந்திபேதியால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. டொக்டர் திலீப் மஹாலனபிஸ் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற கணக்கில் கரைத்து, பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 வீதமாக இருந்த இறப்பு 3.6 வீதமாக இறங்கியது.

இந்தக் கரைசல் வேலை செய்யும் என்பது அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே டாக்காவில் தெரிந்துவிட்டது. 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் இருவரும் அதை நிறுவியிருந்தார்கள். ஆனால் அது வைத்தியர் பக்கத்தில் நின்று, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து செய்த வேலை. தாதி இல்லாத இடத்தில், சேற்றில் படுத்திருக்கும் ஒருவருக்குத் தாயோ தம்பியோ கொடுத்தாலும் பலிக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு முகாமில் மட்டுமே பதில் கிடைக்கும். மஹாலனபிஸ் எண்களைக் குறித்து வைக்காமல் போயிருந்தால், அது ஒரு முகாமில் நடந்த நல்ல காரியமாக அங்கேயே முடிந்திருக்கும்.

ஆய்வு எதிர்ப்பக்கமாகவும் உதவும். அனர்த்தத்தில் தப்பியவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைத்தால் மனக்காயம் ஆறும் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படி நன்மை எதுவும் தெரியவில்லை. சிலருக்கு அது கெடுதலாகவும் முடிந்திருக்கலாம் என்று தெரிந்தது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் 'பேசும்படி வற்புறுத்தாதே' என்பது அடிப்படை. நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதலைக் கண்டுபிடிக்க அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) கரைப்பதில் என்ன பிழை வரப்போகிறது?

அநேகமாகத் தண்ணீரின் அளவில்தான். முகாமுக்கு வரும் நன்கொடைத் தண்ணீரில் அரை லீற்றர், ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் என்று எல்லாப் போத்தலும் கலந்திருக்கும். ஒரு லீற்றருக்கான பக்கற்றை ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் கொட்டினால் கரைசல் நீர்த்துப் போகும். அரை லீற்றரில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும், அது கைக்குழந்தைக்கு ஆபத்து. பக்கற்றைப் பாதியாகப் பிரித்துக் கரைப்பதும் கூடாது, ஏனென்றால் தூளில் உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பிரியாது. கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. சீனியோ சோடாவோ சேர்க்கக் கூடாது. 24 மணித்தியாலம் தாண்டியதை ஊற்றிவிட வேண்டும்.

நீரிழப்புத் தெரியாத பிள்ளைக்கு, ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும், 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேலே 100 முதல் 200. கண் குழிவிழுந்து, தாகமாக, அமைதியில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு நிறையில் கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் வீதம் 4 மணித்தியாலத்தில் கொடுக்க வேண்டும். 10 கிலோப் பிள்ளை என்றால் 750 மில்லிலீற்றர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகத் தொடரலாம். சோர்ந்து மயங்கும், குடிக்கவே முடியாத பிள்ளைக்கு இதெல்லாம் போதாது. நாளம் வழியாக ஏற்ற வேண்டும், உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் நாகம் (சிங்க்) 10 முதல் 14 நாள் வரை கொடுக்கப்படும், அதைவிடச் சின்னதுக்கு 10 மில்லிகிராம். வயிற்றோட்டம் நின்ற அன்றே நாகத்தை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

பக்கற் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் பாதுகாப்பான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கூம்பாக அள்ளாமல் தட்டி மட்டமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய பாடப்புத்தகத்தில் பார்த்த அளவும் பக்கற்றில் அச்சிட்ட அளவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். கரைசலின் செறிவு முன்பு லீற்றருக்கு 311 மில்லிஒஸ்மோலாக இருந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 245ஆகக் குறைத்தது. குறைந்த செறிவில் வாந்தியும் மலத்தின் அளவும் குறைகின்றன, சேலைன் ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது என்று சோதனைகள் காட்டியதே காரணம்.

முகாம் மோசமாகப் போகிறதா என்று எந்த எண்ணை வைத்துச் சொல்வது?

இறப்பு வீதம். ஒரு நாளில் 10,000 பேருக்கு எத்தனை இறப்பு என்று கணக்கிடுவார்கள். 1ஐத் தாண்டினால் அவசர நிலை, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் 2ஐத் தாண்டினால் அவசர நிலை என்பது உலக வழக்கு. 1994இல் ருவாண்டா அகதிகள் அன்றைய சயர் நாட்டின் கோமா நகரில் குவிந்தபோது முதல் மாதத்தில் இது 20க்கும் 35க்கும் இடையில் நின்றது. வாந்திபேதியும் இரத்தக்கழிச்சலும் செய்த வேலை அது.

ஆனால் இந்த '1' என்ற கோட்டை அப்படியே கொழும்புக்குத் தூக்கி வரக் கூடாது. இலங்கையில் சாதாரண ஆண்டொன்றில் ஆயிரம் பேருக்கு ஆறேழு பேர் இறக்கிறார்கள். அதை நாளுக்கு 10,000 என்ற கணக்குக்கு மாற்றினால் 0.2க்குக் கிட்ட வரும். வழமையைப் போல இரண்டு மடங்கானால் எச்சரிக்கை என்ற மற்ற விதியைப் பிடித்தால், நமக்கு 0.4லேயே மணி அடிக்க வேண்டும். 1 வரும்வரை காத்திருந்தால் ஐந்து மடங்கு இறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதாகிவிடும்.

இன்னொரு பொறி, சிறிய எண். ஒரு பாடசாலையில் 1,200 பேர் 14 நாள் இருந்தார்கள் என்று வையுங்கள். 1,200ஐ 14ஆல் பெருக்கினால் 16,800 ஆள்நாள். ஒருவர் இறந்தால் வீதம் 0.6, இருவர் இறந்தால் 1.2. ஒரே ஒரு முதியவரின் மாரடைப்பு முகாமைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிடும். ஆகவே ஒரு முகாமை மட்டும் பார்க்காமல் பிரதேச செயலகப் பிரிவு முழுவதையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு இறப்புக்கும் காரணத்தையும் கேட்டு எழுதுங்கள்.

கீழெண்தான், அதாவது முகாமில் மொத்தம் எத்தனை பேர் என்ற வகுக்கும் எண்தான், எப்போதும் சிக்கல். பகலில் வீட்டைச் சுத்தம் செய்யப் போனவர்கள் இரவில் படுக்க வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். மதியப் பார்சல் எண்ணிக்கையை மக்கள்தொகையாக எடுத்தால் நோய் வீதம் இல்லாத அளவுக்குக் குறைந்து தெரியும். இரவு 9 மணிக்குப் பிறகு படுத்திருப்போரை எண்ணி, கிராம சேவகரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனாலும் மிச்ச எண்கள் எல்லாம் இதன் தலையில்தான் நிற்கின்றன.

எல்லாரையும் கேட்க வேண்டுமா, மாதிரி எடுத்தால் போதாதா?

சிறிய முகாமென்றால் எல்லாரையும் கேளுங்கள், அதுவே இலேசு. பரந்த பிரதேசத்துக்குக் கொத்து மாதிரி எடுப்பார்கள், அதாவது சில இடங்களை மட்டும் தெரிந்து ஒவ்வொன்றிலும் சிலரைக் கேட்பார்கள். தடுப்பூசி எத்தனை பேருக்குப் போட்டது என்று பார்க்க 30 கொத்து, கொத்துக்கு 7 பிள்ளை, ஆக 210 என்பது பழைய சூத்திரம். விடை கூடக்குறைய 10 வீதப் புள்ளி பிசகலாம். தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்தத் துல்லியம் தாராளம்.

மாதிரியில் யார் விடுபட்டார்கள் என்பதே பெரிய கேள்வி. கொழும்பு வெள்ளத்தில் நிறையப் பேர் முகாமுக்கு வருவதில்லை. திருடருக்குப் பயந்து மேல்மாடியிலேயே தங்குவார்கள், அல்லது தெஹிவளை, வத்தளையிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போவார்கள். முகாமில் மட்டும் கேட்டுவிட்டு 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர்' என்று தலைப்புப் போடுவது பொய்யான தலைப்பு. சுனாமி மாதிரியான அனர்த்தத்தில் இது இன்னும் கொடுமை. குடும்பத்தோடு போனவர்களைப் பற்றிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லாததால், வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் இறப்புக் கணக்கு எப்போதும் குறைந்தே வரும்.

பிணங்களால் கொள்ளைநோய் பரவுமா?

இல்லை. அனர்த்தத்தில் அடிபட்டோ மூழ்கியோ இறந்தவர்களுக்குக் கொள்ளைநோய்க் கிருமி இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவசர அவசரமாகக் கூட்டாகப் புதைப்பதால் நோய் தடுக்கப்படுவதில்லை. அடையாளம் காண முடியாமல் போவதும், குடும்பம் ஆண்டுக்கணக்கில் தேடி அலைவதும்தான் மிச்சம். உடலைத் தூக்குவோருக்குக் கையுறையும் பூட்ஸும் கைகழுவலும் போதும். வாந்திபேதி, எபோலா போன்றவற்றால் இறந்தோர் மட்டும் விதிவிலக்கு.

வெள்ளத்துக்குப் பிறகு எந்த நோய் எப்போது வரும்?

முதல் சில நாளில் வெட்டுக்காயம், மின்தாக்கம், பாம்புக்கடி. அதே வாரத்திலேயே வயிற்றோட்டமும் சளிக்காய்ச்சலும் தோல் சொறியும் தொடங்கும். எலிக்காய்ச்சல் அடுத்து வரும். கிருமி உடலுக்குள் போய் 5 முதல் 14 நாளில்தான் பெரும்பாலும் காய்ச்சல் காட்டும், சிலருக்கு ஒரு மாதம் வரை போகும். அதற்குள் முகாம் கலைந்துவிட்டிருக்கும். நோயாளி தனியார் கிளினிக்கில் பனடோல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். வெள்ளத்தில் இறங்கினீர்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டெங்கு கடைசி. வெள்ளம் முதலில் நுளம்புப் புழுக்களை அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்து, வெளியே வீசிய குப்பையிலும் ரயரிலும் தேங்கிய பின்தான் நுளம்பு பெருகும். முட்டையிலிருந்து நுளம்பாக 7 முதல் 10 நாள், கடித்துக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள். 2017இல் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளர் பதிவானபோது மேல் மாகாணம்தான் முன்னணியில் நின்றது. ஆகவே வெள்ளம் வடிந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் காய்ச்சலோடு வருபவர்களில் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் சேர்த்தே நினைக்க வேண்டும். எதுவென்று தெரியும்வரை இபுபுரோபன், டைக்குளோபினாக் கூடாது. பரசிட்டமோல் மட்டும்.

எலிக்காய்ச்சல் வராமலிருக்க எல்லாருக்கும் டொக்சிசைக்கிளின் கொடுத்துவிட்டால் என்ன?

ஆதாரத்தைப் பார்ப்போம். 1984இல் வெளியான ஆய்வில், பனாமாக் காட்டில் மூன்று வாரப் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படையினர் 940 பேரில் பாதிப் பேருக்கு வாரம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். மருந்து எடுத்தோரில் ஒருவருக்கும் எடுக்காதோரில் 20 பேருக்கும் நோய் வந்தது. பாதுகாப்பு 95 வீதம். அற்புதமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் அவர்கள் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள், மூன்று வாரத்தில் திரும்பிவிட்டவர்கள். அந்தமானில் ஊர் மக்களுக்கே கொடுத்துப் பார்த்தபோது கிருமித் தொற்று குறையவில்லை, நோயாக வெளிப்படுவது மட்டும் குறைந்தது.

ஆக, சேற்று வெள்ளத்தில் இறங்கி வேலை செய்வோருக்கு, இறங்கும் காலம் வரைக்கும் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இலங்கையில் வயல் வேலை செய்வோருக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் ஊடாகக் கொடுப்பதும் இந்த 200 மில்லிகிராம் வார அளவுதான். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் கூடாது. சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். முகாமில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பதற்கு ஆதாரம் போதாது. மாத்திரை எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் 'அது எலிக்காய்ச்சலாக இருக்காது' என்று வைத்தியரே நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. முதல் வாரத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து 'இல்லை' என்று வந்தாலும் நம்ப முடியாது, எதிர்ப்பொருள் அதற்குள் உருவாகியிருக்காது.

பவுசர் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, பிறகு ஏன் வயிற்றோட்டம்?

குழாயடியில் இருப்பது வாளியில் இருக்காது. மலாவியில் ஓர் அகதி முகாமில் 2001இல் வெளியான சோதனை இதை அழகாகக் காட்டியது. சில குடும்பங்களுக்கு மூடியும் வாய்க்குழாயும் உள்ள வாளி கொடுத்தார்கள், கை உள்ளே போக வழி இல்லை. வாளித் தண்ணீரில் மலக்கிருமி 69 வீதம் குறைந்தது, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் வயிற்றோட்டம் 31 வீதம் குறைந்தது. அழுக்காக்கியது அள்ளிய கை. முகாமுக்குப் பொருள் சேர்ப்போர் பிஸ்கட்டைக் குறைத்து இப்படி வாளி வாங்கினால் புண்ணியமாகப் போகும்.

இரண்டாவது, குளோரின் வெயிலில் கரைந்து போவது. குழாயடியில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் என்பது வழமையான இலக்கு. தென் சூடான் முகாம்களில் வீடுவரை பின்தொடர்ந்து அளந்தவர்கள், சில மணித்தியாலத்தில் அது போதாத அளவுக்குக் குறைவதைக் கண்டு, குழாயடியில் 1 வேண்டும் என்றார்கள். கொழும்பின் வெப்பத்திலும் வாளியில் ஒருமுறை அளந்து பார்க்காமல் நிம்மதியாக இருக்க முடியாது.

முகாமிலேயே குளோரின் சேர்ப்பதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யோடு சேர்ந்து செய்யுங்கள். 65 முதல் 70 வீத வீரியமுள்ள குளோரின் தூள் 15 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்தால் ஒரு வீதக் கரைசல். 20 லீற்றர் வாளி நான்கில் முறையே 1, 1.5, 2, 2.5 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கி, 30 நிமிடம் பொறுத்து அளந்து பாருங்கள். இலக்குக்குள் நிற்கும் வாளி எதுவோ அந்த அளவைத் தாங்கிக்குப் பெருக்குங்கள். 2 மில்லிலீற்றர் வாளி சரியென்றால் 1,000 லீற்றர்த் தாங்கிக்கு 100 மில்லிலீற்றர்.

பிழைக்கும் இடங்கள்: திறந்து வைத்த தூள் ஈரக்காற்றில் வீரியம் இழந்திருக்கும், ஆகவே போன மாதக் கணக்கு இந்த மாதம் சரிவராது. கலங்கிய தண்ணீர் குளோரினை விழுங்கிவிடும், தெளிய வைத்து வடித்த பிறகே போட வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. சோதனை மாத்திரை இளஞ்சிவப்பாக வந்து உடனே வெளிறினால் குளோரின் இல்லை என்று நினைத்து இன்னும் கொட்டாதீர்கள். மிதமிஞ்சிய குளோரினும் அந்த நிறத்தை வெளிறச் செய்யும். நல்ல தண்ணீர் விட்டு ஐதாக்கி மறுபடி பாருங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு வேறு கணக்கு. இறைத்து, சேறு அள்ளி, தண்ணீர் ஊறிய பின் கன மீற்றருக்கு 25 கிராம் அதே தூள். 2 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் ஆழத் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9.4 கன மீற்றர் இருக்கும், ஆக 235 கிராம். வாளியில் கரைத்துச் சுவரிலும் படும்படி ஊற்றுங்கள், தூளை நேரே கொட்ட வேண்டாம். அந்தத் தண்ணீரையும் இறைத்து வெளியேற்றி, மறுபடி ஊறிய தண்ணீரில் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தபின் பாவிக்கலாம்.

பால்மா சேர்த்து அனுப்பலாமா?

கைக்குழந்தைக்கான பால்மாவைப் பொதுவாகப் பங்கிட வேண்டாம். 2006இல் இந்தோனேசியாவின் யோக்கியகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நன்கொடைப் பால்மா கிடைத்த பிள்ளைகளில் 25 வீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 12 வீதத்தினருக்கும் வயிற்றோட்டம் இருந்தது. போத்தல் கழுவ நல்ல தண்ணீர் இல்லை, தாய்ப்பாலும் குறைந்து போயிற்று. தாய்ப்பால் கிடைக்க வழியே இல்லாத பிள்ளைக்குக் குடும்பநல மாது பார்த்து, கோப்பையும் கரண்டியும் சுடுதண்ணீர் வசதியும் சேர்த்துத் தனியாகக் கொடுப்பார். தாய்க்குச் சாப்பாடும், மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மூலையும் தேடிக் கொடுப்பது இதைவிட நல்ல உதவி.

மெலிந்த பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

6 முதல் 59 மாதப் பிள்ளையின் இடது மேற்கையை, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே, கை தளர்ந்து தொங்கும்போது நாடாவால் சுற்றி அளக்க வேண்டும். 115 மில்லிமீற்றருக்குக் கீழே கடும் போசாக்கின்மை, 115இலிருந்து 125க்குள் மிதமானது. நாடாவை இறுக்கினால் நல்ல பிள்ளையும் சிவப்புக்குள் விழும். இரண்டு பாதத்தின் மேலும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தபின் குழி நின்றால், நாடா என்ன சொன்னாலும் அது கடும் நிலைதான். பசியெடுத்துச் சாப்பிடும், வேறு நோயில்லாத பிள்ளையை வைத்தியசாலையில் வைத்திருக்காமல் 92 கிராம், 500 கிலோகலோரி கடலைப் பசைப் பக்கற் கொடுத்து வீட்டிலேயே தேற்றலாம் என்பதை ஆபிரிக்க ஆய்வுகள் காட்டின. 2007இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாக அதை ஏற்றன.

மின்சாரம் இல்லை, இன்சுலினை என்ன செய்வது?

கொழும்பு முகாமில் இதுதான் உண்மையில் அதிகம் வரும் கேள்வி. முகாம் வைத்தியம் என்றால் தொற்றுநோய் என்று எழுதிய கையேடுகளெல்லாம் இளம் வயதினர் நிறைந்த முகாம்களுக்கானவை. நம்முடைய முகாமில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கிளினிக் கொப்பி தண்ணீரில் போன ஐயாமாரும் அம்மாமாரும்தான் அதிகம்.

எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் டடாப் முகாம் வெப்பநிலையைப் போலவே 25க்கும் 37 பாகைக்கும் இடையே ஏற்றி இறக்கி இன்சுலினை 4 வாரம் வைத்துப் பார்த்தன. குளிரில் வைத்ததோடு ஒப்பிட வீரியத்தில் வேறுபாடு இல்லை. 2021இல் அது வெளியானது. கொழும்பில் நிழலான அறை 37ஐ எட்டுவது அரிது. ஆகவே பாவனையில் உள்ள குப்பியை வெயில் படாமல் வைத்து, திறந்த திகதியை எழுதி, 4 வாரம் பாவிக்கலாம். திறக்காத இருப்புக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைத்து உறையவிட்டால்தான் அது நிச்சயமாகக் கெடும். மண்பானைக் குளிர்ச்சி வறண்ட நாட்டில் நன்றாக வேலை செய்யும், நம்முடைய ஈரக்காற்றில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மெட்போர்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர் கடும் வயிற்றோட்டத்தில் இருந்தால் அதை இடைநிறுத்தவேண்டுமா என்று அன்றே வைத்தியரைக் கேளுங்கள்.

சின்னமுத்து இலங்கையில் ஒழிந்துவிட்டதுதானே?

2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது, 2023இல் மறுபடி நோயாளிகள் வந்தார்கள். நெருக்கமான முகாமில் தடுப்பூசி இல்லாதவர் மத்தியில் இதைவிட வேகமாகப் பரவுவது இல்லை. பிள்ளைகளின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைப் பார்த்து, 9 மாத, 3 வயது ஊசிகள் விடுபட்டவர்களை எம்.ஓ.எச். அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவசரநிலையில் 6 மாதத்திலேயே ஒரு ஊசி போடலாம், ஆனால் அது கணக்கில் சேராது, 9 மாத ஊசியைத் திரும்பப் போட வேண்டும்.

இலங்கையிலேயே நடந்த ஆய்வு ஏதாவது உலக நடைமுறையை மாற்றியதா?

பாம்புக்கடி ஆய்வைச் சொல்லலாம். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்துக்கு இங்கே நான்கில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வருகிறது. அதைத் தடுக்க எது உதவும் என்று களனிப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 1,007 நோயாளிகளில் சோதித்தார்கள். 2011இல் வெளியான முடிவு: மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் ஆயிரத்தில் ஒன்று வீரியமான அட்ரினலின் 0.25 மில்லிலீற்றரைத் தோலுக்குக் கீழே போட்டால், முதல் மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைகிறது. எல்லாரும் கை நீட்டும் ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசினும் எந்தப் பயனும் தரவில்லை. மலிவான மருந்து, பெரிய கருவி எதுவும் தேவைப்படாத சோதனை. பணம் இல்லாத இடத்தில் ஆய்வு செய்ய முடியாது என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

முகாமில் ஆய்வு செய்ய யாரிடம் அனுமதி கேட்பது?

முதலில் நெறிமுறைக் குழு. மருத்துவ பீடங்களிலும் இலங்கை மருத்துவச் சங்கத்திலும் குழுக்கள் இருக்கின்றன. பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், எம்.ஓ.எச்., முகாமுக்குப் பொறுப்பான பிரதேச செயலாளர். மருந்தோ தலையீடோ சோதிப்பதானால் 2006இலிருந்து இயங்கும் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். வெள்ளம் வந்த பிறகு விண்ணப்பம் எழுதத் தொடங்கினால் அனுமதி வரும்போது முகாம் இருக்காது. வறண்ட காலத்திலேயே பொதுவான திட்டத்தை எழுதி அனுமதி எடுத்து வைத்துக்கொண்டு, இடத்தையும் திகதியையும் மட்டும் பின்னர் சேர்ப்பவர்கள்தான் உருப்படியாக எதையாவது முடிக்கிறார்கள்.

2004 சுனாமிக்குப் பின் ஒரே குடும்பத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பல குழுக்கள் கேள்வி கேட்ட நிலையை மறந்துவிடக் கூடாது. சர்வதேச மருத்துவ விஞ்ஞான அமைப்புகளின் பேரவை 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளில் 20ஆவது, அனர்த்த கால ஆய்வுக்கென்றே எழுதப்பட்டது. எங்கள் அளவுகோல் அதைவிடச் சுருக்கம்: இந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தால் முகாமில் எதை மாற்றுவீர்கள்? மாற்ற ஒன்றுமில்லை என்றால் கேட்காதீர்கள்.

ஒப்புதல் எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

நிவாரண வரிசையில் நிற்பவரிடம் எடுத்தது ஒப்புதலே இல்லை. மறுத்தால் பார்சல் கிடைக்காதோ என்ற பயம் அவருக்கு இருக்கும். பொருள் கொடுப்பவரும் கேள்வி கேட்பவரும் ஒரே ஆளாகவோ ஒரே ரீசேர்ட்டிலோ இருக்கக் கூடாது. வீட்டில் பேசும் மொழியில் கேளுங்கள். சிங்களத்தில் நிரப்பிய படிவத்தில் தமிழ்த் தாய் கையெழுத்திட்டால் அது யாரையும் காப்பாற்றாது. பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துத் தாயின் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்பதும் ஆகாது. சொன்னதை அவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து.

பாதிப் பேருக்கு மட்டும் மருந்து கொடுத்து மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது அநியாயமில்லையா?

வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்ததை மறுத்தால் அநியாயம்தான். தெரியாதபோது, காத்திருப்போருக்கும் பிறகு கிடைக்கும்படி வடிவமைக்க வழி உண்டு. 2015இல் கினியில் எபோலாத் தடுப்பூசியைச் சோதித்தபோது, நோயாளியைச் சுற்றியிருந்தவர்களில் ஒரு வளையத்துக்கு உடனேயும் மற்ற வளையத்துக்கு 21 நாள் கழித்தும் போட்டார்கள். பலன் தெரிந்ததும் காத்திருத்தலை நிறுத்தி எல்லாருக்கும் உடனே போட்டார்கள்.

தொண்டர் ஒருவர் எதைக் குறிக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்?

திகதி, வயது, ஆணா பெண்ணா, எந்தக் கிராம சேவகர் பிரிவு, என்ன குணங்குறி, எப்போது தொடங்கியது, வெள்ளத்தில் இறங்கினாரா. இவ்வளவு போதும். வயிற்றோட்டம் என்றால் 24 மணித்தியாலத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீராகப் போவது என்று எல்லாரும் ஒரே அளவு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தொண்டரின் எண்களைக் கூட்டவே முடியாது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சேர்ந்த படத்தை வட்சப் குழுவில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் தனிக் கவனம் பெறும் வகை.

தினமும் மாலையில் எண்ணிக்கையைப் பிரதேச பி.எச்.ஐ.யிடம் கொடுங்கள். அறிவிக்க வேண்டிய நோய்களைச் சந்தேகம் வந்த உடனேயே வைத்தியர் எச் 544 படிவத்தில் எம்.ஓ.எச்.க்கு அனுப்ப வேண்டும், ஆய்வுகூட முடிவு வரும்வரை பொறுக்கத் தேவையில்லை. எம்.ஓ.எச். அலுவலகங்களின் வாராந்தக் கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய், அதன் வாராந்த அறிக்கையில் மாவட்டவாரியாக வரும். நீங்கள் கொடுத்த நோயாளர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று அடுத்த வாரம் ஒருமுறை பாருங்கள், குறைந்து தெரிந்தால் பி.எச்.ஐ.யிடம் கேளுங்கள்.